கால்நடைக்குக் கம்பி வேலி: எந்த விலங்குக்கு எந்தக் கம்பி?

பண்ணைக்கு வேலி போடுவதென்று முடிவானதும் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை வரி கம்பி, எத்தனை அடிக்கு ஒரு கம்பம்?" என்பதுதான். அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. உள்ளே நிற்கப் போவது எந்த விலங்கு, அது வேலியை என்ன செய்யும்? மாடு, வேலிக்கு அப்பால் தெரியும் புல்லுக்குக் கழுத்தை நீட்டிக் கம்பியின் மேல் சாயும். உடம்பு அரித்தால் கம்பத்தில் தேய்க்கும். வெள்ளாடு முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்து ஏறும்; தலை நுழைகிற இடத்தில் உடம்பையும் நுழைக்கப் பார்க்கும். பன்றி மூக்கால் அடிக்கம்பியை நெம்பும். குதிரை மிரண்டால் கம்பி இருப்பதே கண்ணில் படாமல் ஓடிவந்து மோதும். ஒரே வகைக் கம்பி இத்தனைக்கும் ஈடுகொடுக்காது. மாட்டுக்குப் போட்ட வேலிக்குள் ஆட்டை விட்டால் பொழுது விடிவதற்குள் அது அடுத்தவர் வயலில் நிற்கும். ஆட்டுக்கென்று போட்ட வலைக்குள் குதிரையை விட்டால் குளம்பு வலைக்கண்ணில் மாட்டும்.

வேலி ஒரு விலங்கை இரண்டு விதமாக நிறுத்தலாம். உடம்பால் தாண்ட முடியாதபடி மறித்து நிறுத்துவது ஒன்று. கம்பி வலை அந்த வகை. தொட்டால் வலிக்கும் என்று விலங்கின் மனதில் பதியவைத்து நிறுத்துவது இன்னொன்று. மின்வேலி அந்த வகை. அதன் கம்பியில் பலம் அதிகம் இருக்காது, விலங்குக்கு இருக்கும் பயம்தான் வேலி. முள்கம்பி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சாலையோரமாகவோ அடுத்தவர் பயிரை ஒட்டியோ ஓடும் எல்லை வேலி, மின்சாரம் நின்றுபோன இரவிலும் விலங்கை நிறுத்த வேண்டும். அங்கே மறிக்கும் வேலிதான் வேண்டும். எல்லைக்கு உள்ளே மேய்ச்சல் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வேலிக்கு அவ்வளவு பலம் தேவையில்லை. அங்கிருந்து ஒரு மாடு தப்பினாலும் நம் நிலத்துக்குள்தான் இருக்கும். ஒன்றிரண்டு வரி மின்கம்பி போதும். எல்லாவற்றையும் ஒரே பலத்தில் போட்டுக் கையிருப்பைக் கரைப்பதைவிட, எல்லைக்கு நல்லதும் உள்ளுக்கு எளியதுமாகப் பிரித்துப் போடுவதே என் கணக்கில் சரியான வழி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பசித்த விலங்கை எந்த வேலியும் நெடுநாள் நிறுத்தாது. உள்ளே தீவனமும் தண்ணீரும் நிழலும் இருந்தால் சுமாரான வேலிகூடத் தாங்கும். உள்ளே மண் தெரிய மேய்ந்துவிட்டு வெளியே பச்சையாக இருந்தால் நல்ல வேலியும் ஆட்டம் காணும். பருவத்துக்கு வந்த கிடாவையும் பொலிகாளையையும் தனியே அடைப்பவர்கள் இதே காரணத்தால் ஒரு வேலியை நம்பக் கூடாது. அந்தப் பக்கம் பெட்டை நிற்கிறது என்றால் கிடா, காளையின் பலம் வேறாகிவிடும். நடுவில் சில அடி இடைவெளி விட்டு இரட்டை வேலி போட்டுவிடுவது நல்லது.

முள்கம்பி: எங்கே சரி, எங்கே தவறு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் என்ற விவசாயி 1874-இல் காப்புரிமை பெற்ற முள்கம்பியின் வடிவம்தான் இன்றும் ஏறக்குறைய அப்படியே விற்கிறது. ஒரு கம்பியில் முள்ளைச் சுற்றி, அதனோடு இன்னொரு கம்பியைச் சேர்த்து முறுக்கிவிட்டால் முள் இடம் நகராது. யோசனை அவ்வளவுதான். பரந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகளைக் குறைந்த செலவில் நிறுத்த அது வழி செய்தது.

இன்றும் முள்கம்பி மாட்டுக்கானதுதான். தோல் தடிப்பானது, நடை நிதானமானது என்பதால் மாடு குத்து வாங்கினால் பின்வாங்கிவிடும். தரையிலிருந்து 4 அடி உயரத்துக்கு நான்கு அல்லது ஐந்து வரி, வரிக்கு வரி 25 சென்டிமீட்டர் அளவில் இடைவெளி, நன்றாக இழுத்துக் கட்டியது என்றால் வளர்ந்த மாடுகளுக்குப் போதும். கன்றுகள் இருந்தால் அடி இரண்டு வரிகளை இன்னும் நெருக்கமாக ஓட்ட வேண்டும்.

வெள்ளாட்டுக்கு இது உதவாது. இடைவெளி கிடைத்தால் முள் கீறினாலும் பொறுத்துக்கொண்டு நுழைந்துவிடும். மடியைக் கிழித்துக்கொண்டு திரும்பும் பெட்டைகளும் உண்டு. செம்மறியின் ரோமத்தில் முள் குத்துவதே தெரியாது, சில சமயம் ரோமம் சிக்கி நின்றுவிடும். குதிரைக்கு முள்கம்பியைப் போடவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. குதிரைக்கு ஆபத்து என்றால் ஓடுவதுதான் முதல் வழி. கால் கம்பியில் சிக்கினால் நின்று யோசிக்காது, உதறி உதறி இழுக்கும். முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. தோலுக்கு அடியிலேயே நரம்பும் நாணும் எலும்பும்தான். அங்கே படும் காயம் ஆறுவது கடினம், சில குதிரைகள் அதற்குப் பிறகு வேலைக்கே ஆகாமல் போகின்றன.

வலைக்கண்ணின் அளவு

ஆட்டுக்கும் செம்மறிக்கும் ஏற்றது முடிச்சு வலை. கிடைக்கம்பிகளும் நெடுக்குக் கம்பிகளும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் முடிச்சுப் போட்டுச் சுருளாக வரும் வலை இது. கீழே கண்கள் குறுகலாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும். குட்டி கீழே நுழையக் கூடாது, மேலே கம்பியை வீணாக்கவும் வேண்டாம் என்பதே காரணம்.

சுருளின் மேல் 8/90/30 என்பது போல எண் எழுதியிருக்கும். முதல் எண் கிடைக்கம்பிகள் எத்தனை என்பது, அடுத்தது வலையின் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்பது, கடைசி எண் நெடுக்குக் கம்பிகளுக்கு இடையே எத்தனை சென்டிமீட்டர் என்பது. அதாவது எட்டுக் கிடைக்கம்பி, 90 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டருக்கு ஒரு நெடுக்கு. இதைப் படிக்கத் தெரிந்தால் கடையில் யார் எதைக் காட்டினாலும் நாமே எடைபோட்டுவிடலாம்.

கொம்புள்ள வெள்ளாடு வைத்திருப்பவர்கள் அந்தக் கடைசி எண்ணைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நெடுக்கு இடைவெளி 15 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய 15-க்கு 15 சதுரம். ஆடு அப்பால் இருக்கும் தழைக்குத் தலையை நுழைக்கும்போது கொம்பு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். திரும்ப இழுக்கும்போது அதே கொம்பு கம்பியில் கொக்கி போல மாட்டும். ஆடு பின்னால் இழுக்க இழுக்க மாட்டல் இறுகும். வெயிலில் அப்படியே மணிக்கணக்கில் நிற்கும்; தெருநாய் வந்தால் தப்ப வழியில்லை. விடுவிக்க வேண்டுமானால் தலையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி, முகத்தைச் சாய்த்து, ஒரு கொம்பை முதலில் எடுத்து, பிறகு மற்றதை எடுக்க வேண்டும். விடுபட்ட ஆடு பாடம் படித்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். அதே ஆடு அதே கண்ணுக்கு மறுபடி வரும்.

இதற்கு இரண்டு வழி. தலையே நுழையாத 10-க்கு 10 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலை ஒன்று. கம்பி அதிகம் பிடிக்கும், விலையும் கூடும். நெடுக்கு இடைவெளி 30 சென்டிமீட்டர் உள்ள வலை இன்னொன்று. தலை நுழைந்தாலும் பக்கவாட்டில் இடம் இருப்பதால் பெரும்பாலான ஆடுகள் தானே எடுத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் 15 தான் தொல்லை. கொம்பில்லாத செம்மறிக்கு அதே 15 நன்றாகவே உழைக்கும்.

உயரமும் முக்கியம். செம்மறிக்கு 90 சென்டிமீட்டர் வலையும் அதன் மேல் ஒரு வரி கம்பியும் போதும். வெள்ளாட்டுக்கு 120 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. வேலியை ஒட்டிப் பாறையோ மரக்கிளையோ சாணக் குவியலோ இருந்தால் அதன் மேல் ஏறித் தாண்டிவிடும் என்பதால் அவற்றை அகற்றுவதும் வேலி வேலையில் சேர்ந்ததுதான். ஆடு வலையில் கால் வைத்து ஏறுவதை நிறுத்த, உட்பக்கம் ஒரு வரி மின்கம்பியைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஓட்டினால் வலையின் ஆயுள் பல ஆண்டு கூடும்.

முடிச்சுகளிலும் வகை உண்டு. கீல் முடிச்சில் நெடுக்குக் கம்பி துண்டு துண்டாக, ஒவ்வொரு கிடைக்கம்பியிலும் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். விலங்கு மோதினால் மடங்கிக்கொடுத்துப் பிறகு நிமிரும். விலை மலிவு. ஆனால் ஆடு ஏறி ஏறி நாளடைவில் முடிச்சு நழுவும், மேல் விளிம்பு தொங்கும். நிலை முடிச்சில் நெடுக்குக் கம்பி மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டு; முடிச்சு நழுவாது, கம்பங்களையும் தள்ளித் தள்ளி நடலாம். மாடு, எருமை, பெரிய வெள்ளாடு உள்ள எல்லை வேலிக்கு நிலை முடிச்சையே வாங்கச் சொல்வேன். கம்பங்கள் குறைவதில் மிச்சமாகும் பணம் வலையின் கூடுதல் விலையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

முடிச்சுக்குப் பதில் பற்றவைத்துச் செய்த வெல்டு மெஷ் பார்வைக்கு அழகு, சிறிய பட்டிக்கும் கோழிக் கூண்டுக்கும் ஏற்றது. நெடிய மேய்ச்சல் வேலிக்கு ஆகாது. மாடு சாய்ந்தால் வளைந்துகொடுக்காமல் பற்றவைத்த புள்ளிகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். டைமண்ட் கண்ணுள்ள செயின் லிங்க் வலை நாய் வராமல் தடுக்க நல்லது. மேலும் கீழும் நடுவிலும் இழுவைக் கம்பி இல்லாவிட்டால் சாய்ந்து தொங்கிவிடும்.

கோழிக்கு என்று விற்கும் அறுகோண மெல்லிய வலை, கோழியை உள்ளே வைக்கும். நாயையும் கீரியையும் வெளியே வைக்காது. வேட்டை விலங்கு வருகிற இடத்தில் தடித்த கம்பியில் சிறு கண்ணுள்ள வெல்டு மெஷ்தான் வேண்டும். தோண்டி வரும் பிராணிகளுக்கு, வலையை வெளிப்பக்கமாகத் தரையில் ஒன்று அல்லது இரண்டு அடி அகலம் படுக்கவைத்து மண் மூடிவிட வேண்டும். வேலியின் அடியில் வந்து தோண்டுகிற பிராணி வலைமேல் நின்றுகொண்டுதான் தோண்டும், உள்ளே போக முடியாது.

குதிரைக்கு வலை போடுவதானால் குளம்பு நுழையாத அளவுக்கு, 5-க்கு 10 சென்டிமீட்டர் போன்ற சிறு கண் வேண்டும். மேல் விளிம்பில் ஒரு மரச்சட்டமோ அகலமான வெள்ளைப் பட்டையோ ஓட்டிவிட்டால் தூரத்திலிருந்தே வேலி கண்ணில் படும். பன்றிக்கு மேலே உயரம் தேவையில்லை, அடியில்தான் பலம் வேண்டும். வலையின் உட்பக்கம் தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில் ஒரு வரி மின்கம்பி ஓட்டினால் மூக்கு வலையை நெருங்காது.

கம்பியின் கனம், பலம், முலாம்

கம்பியின் கனத்தைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். அந்த எண் கூடக் கூடக் கம்பி மெலியும். பிரிட்டிஷ் அட்டவணைப்படி 8 கேஜ் 4.06 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.25, 12 கேஜ் 2.64, 14 கேஜ் 2.03. அமெரிக்க அட்டவணையில் அதே எண்களுக்கு வேறு அளவு. அதனால் கேஜைக் கேட்பதோடு நிறுத்தாமல் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுவிடுங்கள். எடைக்கு வாங்கும்போது இது நேராகப் பணத்தில் தெரியும். 2.64 மில்லிமீட்டர் கம்பி கிலோவுக்குச் சுமார் 23 மீட்டர் வரும்; 2.03 மில்லிமீட்டர் சுமார் 39 மீட்டர் வரும். மெல்லிய கம்பி நீளத்தில் லாபம்போலத் தோன்றும், துருவுக்கு முதலில் போவதும் அதுதான்.

கனத்தைவிட எஃகின் தரம் முக்கியம். சாதாரண மென் எஃகுக் கம்பி இழுத்தால் நீளும். மாடு நாலு முறை சாய்ந்தால் தொய்ந்து, திரும்பத் திரும்ப முறுக்கேற்ற வேண்டியிருக்கும். ஹை டென்சைல் எனப்படும் உயர் இழுவலிமைக் கம்பி ரப்பர் போல இழுபட்டுத் தன் நிலைக்கு மீளும். 2.5 மில்லிமீட்டர் கனத்தில் மென் எஃகு சுமார் 200 கிலோ எடைக்கு மேல் அறுந்துவிடும் என்றால், அதே கனத்தில் ஹை டென்சைல் 600 கிலோ அளவுக்குத் தாங்கும். கையாள்வதுதான் சிரமம். வெட்டியதும் சுருள் பாம்பாகத் துள்ளும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. கூர்மையாக மடக்கினால் அந்த இடத்திலேயே ஒடியும்.

துரு பிடிப்பதைத் தள்ளிப்போடுவது துத்தநாக முலாம். இரும்பைவிடத் துத்தநாகம் முன்னால் அரிபட்டுத் தன்னைக் கொடுத்து எஃகைக் காப்பாற்றும். சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் அந்த இடத்தையும் காக்கும். எனவே முலாம் எவ்வளவு தடிப்போ அவ்வளவு ஆயுள். இதைச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். 2.5 மில்லிமீட்டர் கம்பியில் மெல்லிய முலாம் 100 கிராமுக்கும் குறைவு. கனமான முலாம் 240 கிராம் அளவில் இருக்கும். பளபளப்பை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, அட்டையில் எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். துத்தநாகத்தோடு அலுமினியம் சேர்த்த முலாம் இன்னும் நெடுநாள் நிற்கும். கடல் காற்று வீசும் இடத்திலும், சாணமும் மூத்திரமும் தேங்கும் பட்டியோரத்திலும் முலாமில் கைவைத்துச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மின்வேலி: பாதி மண்ணில் இருக்கிறது

மின்வேலியில் ஓடுவது வீட்டு மின்சாரம் அல்ல. எனர்ஜைசர் என்ற கருவி பேட்டரியிலிருந்தோ சூரியத் தகட்டிலிருந்தோ மின்னிணைப்பிலிருந்தோ சக்தியை எடுத்துச் சேர்த்து, ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைப்பதைவிட மிகக் குறைந்த நேரத்துக்கு ஒரு துடிப்பாக அனுப்பும். மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் இருந்தாலும் துடிப்பின் நேரம் மிகமிகக் குறைவு என்பதால் வலிக்கும், கொல்லாது. ஒவ்வொரு துடிப்பின் சக்தியையும் ஜூலில் அளப்பார்கள். ஐஇசி 60335-2-76 என்ற சர்வதேசத் தரம் அதற்கு 5 ஜூல் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக் கருவியை நட்டுவைப்பது. அதில் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே கையை எடுக்க இடைவெளி இல்லை. தொட்டவர் தசை இறுகிப் பிடித்தபடியே நின்றுவிடுவார். குழந்தை, கூலியாள், யானை, நாய் என்று யாரையும் அது பார்க்காது. முள்கம்பியிலும் மின்சாரம் விடக் கூடாது. முள்ளில் சிக்கியவர் விலக முடியாமல் துடிப்பு துடிப்பாக வாங்கிக்கொண்டிருக்க நேரும்.

மின்வேலி சரியாக அடிக்கவில்லை என்று வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் காரணம் கம்பியில் இருக்காது, எர்த்தில் இருக்கும். மின்சாரம் கருவியிலிருந்து கிளம்பிக் கம்பி வழியாக வந்து, விலங்கின் உடம்பில் புகுந்து, குளம்பு வழியாக மண்ணில் இறங்கி, மண்ணுக்குள் ஓடி, எர்த் கம்பி வழியாகக் கருவிக்குத் திரும்ப வேண்டும். வட்டம் முழுமையானால்தான் விலங்குக்கு அடி. கம்பியில் உட்கார்ந்த குருவிக்கு ஒன்றும் ஆகாததற்கு அதுவே காரணம், அது மண்ணைத் தொடவில்லை. எர்த் மோசமாக இருந்தால் மாடும் குருவி மாதிரிதான். சாதாரணப் பண்ணைக் கருவிக்கே சுமார் 2 மீட்டர் நீளமுள்ள முலாம் பூசிய மூன்று எர்த் கம்பிகளை 3 மீட்டர் இடைவெளியில் அடித்து ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். ஈரம் நிற்கும் இடம் நல்லது. வீட்டு எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. கருவியை அணைத்துவிட்டு, 100 மீட்டருக்கு அப்பால் மின்கம்பியின் மேல் சில இரும்புக் கம்பிகளைச் சாய்த்து மண்ணில் ஊன்றிக் குறுக்கிணைப்பு உண்டாக்குங்கள். கருவியைப் போட்டதும் வேலியின் அழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே விழ வேண்டும். இப்போது கடைசி எர்த் கம்பியையும், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திய ஆணியையும் வேலி வோல்ட்மீட்டரால் அளந்து பாருங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை, இன்னும் கம்பி அடிக்க வேண்டும்.

கோடையில் மண் வறண்டால் எத்தனை எர்த் கம்பி அடித்தாலும் விலங்கின் காலடியில் மின்சாரம் ஓடாது. அங்கே ஒரு வரி மின்சாரம், அடுத்த வரி எர்த் என்று மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். தலையை நுழைக்கும் ஆடு இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும், மண்ணின் உதவி வேண்டியதில்லை.

மாட்டை நிறுத்த 2,000 முதல் 3,000 வோல்ட் போதும். ரோமம் மூடிய செம்மறிக்கும் பிடிவாதமான வெள்ளாட்டுக்கும் 4,000-க்குக் குறையக் கூடாது. அது கருவியின் அட்டையில் எழுதிய எண் அல்ல, வேலியின் கடைக்கோடியில் அளந்தால் வர வேண்டிய எண். ஈரப் புல் கம்பியில் படும் ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்கு வடிந்துகொண்டே இருக்கும். வேலியடியைச் செதுக்கி வைக்க ஆள் இல்லையென்றால் மின்வேலியை நம்பி இறங்க வேண்டாம்.

புதிதாக வந்த விலங்கை நேராக மின்வேலிக்குள் விடாதீர்கள். அடி என்னவென்று தெரியாத மாடு அடி விழுந்ததும் பின்னால் வராது, முன்னால் பாய்ந்து அறுத்துக்கொண்டு போகும். நல்ல மறிப்பு வேலி உள்ள சிறிய பட்டிக்குள், உட்பக்கமாக ஒரு வரி மின்கம்பி கட்டி இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் மூக்கால் மோந்து, அடி வாங்கி, பின்வாங்கக் கற்றுக்கொள்ளும்.

மூலைக் கம்பம் நின்றால் வேலி நிற்கும்

கம்பியின் தரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, வேலி சாய்வது பெரும்பாலும் கம்பியால் அல்ல என்று சொல்லியாக வேண்டும். ஒரு கம்பிக்கு 100 கிலோ இழுவை கொடுத்தால் பத்துக் கிடைக்கம்பியுள்ள வலை மூலைக் கம்பத்தை 1,000 கிலோ பலத்தோடு இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கும். தனியாக நட்ட கம்பம் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் நாளடைவில் உள்பக்கம் சாயும். அது சாய்ந்தால் அத்தனை கம்பியும் தொய்யும்.

மரக் கம்பத்துக்கு இப்படிச் செய்வார்கள். மூலைக் கம்பத்திலிருந்து வேலி ஓடும் திசையில், கம்ப உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் இன்னொரு தடித்த கம்பம். இரண்டின் தலைக்கும் இடையே குறுக்காக ஒரு சட்டம். பிறகு, மூலைக் கம்பத்தின் அடியிலிருந்து இரண்டாம் கம்பத்தின் தலைக்குச் சாய்வாக ஒரு முறுக்குக் கம்பி. மூலைக் கம்பத்தின் தலை உள்ளே சாயப் பார்த்தால் சட்டம் இரண்டாம் கம்பத்தைத் தள்ளும். சாய்வுக் கம்பி அதைப் பிடித்து மூலைக் கம்பத்தின் அடிக்கே இழுத்துவிடும். சாய்வுக் கம்பியைத் தலைகீழாக, அதாவது மூலைக் கம்பத்தின் தலையிலிருந்து இரண்டாம் கம்பத்தின் அடிக்குக் கட்டினால் இந்த வேலை நடக்காது. நிறையப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். கான்கிரீட் அல்லது கல் கம்பமென்றால் வேலி ஓடும் பக்கம் சாய்வாக ஒரு முட்டு கொடுத்தால் போதும். முட்டின் அடி மண்ணில் புதையாமல் ஒரு பலகைக் கல்லின் மேல் உட்கார வேண்டும்.

மூலைக் கம்பம் 3 அடிக்குக் குறையாமல் மண்ணுக்குள் இருக்க வேண்டும், இடைக் கம்பம் 2 அடியாவது. சதுப்பான மண்ணில் இன்னும் ஆழம். முள்கம்பிக்கு 3 மீட்டர் அளவில் ஒரு இடைக் கம்பம், ஹை டென்சைல் நிலை முடிச்சு வலைக்கு 5 அல்லது 6 மீட்டருக்கு ஒன்று, உள்வேலி மின்கம்பிக்கு சமதரையில் 10 மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

கம்பி கம்பத்தின் எந்தப் பக்கம்? விலங்கு நிற்கும் பக்கம். அது சாயும்போது கம்பி கம்பத்தின் மேல் அழுந்தும். மறுபக்கம் கட்டினால் ஒவ்வொரு சாய்விலும் யு ஆணி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். வேலி வளையும் இடத்தில் மட்டும் வளைவின் வெளிப்பக்கம் கட்ட வேண்டும். மர இடைக்கம்பத்தில் யு ஆணியை முழுக்க அடித்து இறுக்காமல் கம்பி நழுவ இடம் விட வேண்டும். எஃகு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 30 பாகை செல்சியஸ் வித்தியாசத்தில் 100 மீட்டர் கம்பி 36 மில்லிமீட்டர் மாறும். முடிச்சு வலையின் கிடைக்கம்பிகளில் சிறு நெளிவுகள் விட்டிருப்பதும் இதற்காகவே. இழுக்கும்போது அந்த நெளிவு மூன்றில் ஒரு பங்கு அல்லது பாதி நிமிர்ந்ததும் நிறுத்துங்கள். முழுக்க நிமிர்த்திவிட்டால் மாடு மோதும்போது கொடுத்துவாங்க ஒன்றும் மிஞ்சாது.

மரம் அல்லது கான்கிரீட் கம்பத்தில் ஓடும் சாதாரணக் கம்பி வேலிக்கு, 50 மீட்டர் அளவில் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து எல்லா வரியோடும் இணைத்துவிட வேண்டும். இடி எங்கோ வேலியில் விழ, மழைக்கு வேலியோரம் ஒதுங்கிய மாடுகள் வேறெங்கோ சாவது இப்படி இணைக்காததால்தான். இது மின்வேலிக்குப் பொருந்தாது, அதற்குத் தனி இடிதாங்கிக் கருவி உண்டு.

ஓடை குறுக்கிடும் இடத்தில் முதன்மை வேலியை இருகரையிலும் முடித்துவிட்டு, நடுவில் தனியாகத் தொங்கும் ஒரு தட்டி வைத்துவிடுங்கள். வெள்ளம் வந்தால் தட்டி மட்டும் போகும். வாயிலைப் பட்டியின் மூலையில் வைத்தால் மந்தையை ஓட்டுவது எளிது. வேலியோரமாகவே நடந்து வாயிலுக்கு வந்து சேரும். வாயிலின் அடியில் குட்டி நுழையும் சந்து இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிகிற நாளில் வெட்டி எறிந்த கம்பித் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். மாடு புல்லை நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும், ஆடு போலப் பார்த்துப் பொறுக்கித் தின்னாது. விரல் நீளக் கம்பித் துண்டு உள்ளே போனால் தேன்கூடு போன்ற சுவருள்ள இரண்டாம் இரைப்பையில் தங்கும். அந்தப் பைக்கு முன்னால், மெல்லிய உதரவிதானத்துக்கு அப்பால் இருப்பது இதயம். இரைப்பை சுருங்கிச் சுருங்கி அசை போடும்போது துண்டு சுவரைத் துளைத்து முன்னேறும். மாடு தீனி எடுக்காது, முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், இறக்கத்தில் நடக்க மறுக்கும். இதயத்தை எட்டிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. இடுப்பில் ஒரு டப்பாவைக் கட்டிக்கொண்டு, வெட்டும்போதே துண்டை அதில் போட்டுவிடுவது நல்ல பழக்கம். கடைசியில் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி வேலியடி முழுக்க இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டை உள்ளே விட வேண்டும்.